எண்கள் கூறும் உறவு

நுழையும்முன்
உயரம், எடை ஆகியவற்றை அளக்கலாம். பாலினம், எழுத்தறிவு ஆகியவற்றை வகைப்படுத்தவே இயலும். அத்தகைய இரு பண்புகளுக்கிடையே உள்ள தொடர்பை எண்ணால் கூறும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு
திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில் அமைந்த ஊர் ஜீயபுரம். அங்கு 100 ஆண்களிடமும் 100 பெண்களிடமும் மாணவர்கள் எழுத்தறிவு குறித்து வினவினர் என்க. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் ஆண்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர். பெண்களில் 73 விழுக்காட்டினர். அவ்விகிதமே இங்கும் அமைந்ததாகக் கொண்டால் கிடைக்கும் அட்டவணை:

ஆண்கள்: பெற்றோர் 87, பெறாதோர் 13
பெண்கள்: பெற்றோர் 73, பெறாதோர் 27

கைவர்க்க மதிப்பு
பாலினத்துக்கும் எழுத்தறிவுக்கும் தொடர்பே இல்லையெனில், இருபாலரிலும் 80 பேர் எழுத்தறிவு பெற்றிருப்பர். 20 பேர் பெறாதிருப்பர். கண்டறிந்த எண்ணோ ஒவ்வொரு கட்டத்திலும் 7 விலகுகிறது. விலகலின் வர்க்கத்தை எதிர்பார்க்கும் எண்ணால் வகுத்து, நான்கு கட்டங்களையும் கூட்டினால் 6.125 கிடைக்கும். இதுவே 1900இல் கார்ல் பியர்சன் வகுத்தளித்த கைவர்க்க மதிப்பு. 5 விழுக்காடு மிகைகாண் நிலையில் எல்லை மதிப்பு 3.84. அதனை இது விஞ்சுவதால், வேறுபாடு தற்செயலானது எனத் தள்ளுவதற்கில்லை.

மென்பொருளின் துணை
கட்டணமின்றிக் கிடைக்கும் ‘ஆர்’ மென்பொருள் இக்கணக்கை நொடியில் முடிக்கும். ஆனால் திரையில் தோன்றுவது 6.125 அன்று, 5.28. இரண்டு வரிசையும் இரண்டு நிரலும் உடைய அட்டவணைக்கு ஏட்சின் திருத்தத்தை அது தானாகவே சேர்ப்பதே காரணம். திருத்தம் வேண்டாவெனக் கட்டளையிட்டால் 6.125 கிடைக்கும். கருவியை இயக்குவோர் முறையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

தொடர்பின் வலிமை
இதே விகிதத்தில் 2000 பேரிடம் வினவினால் கைவர்க்க மதிப்பு 61.25 ஆகும். தொடர்பு பத்து மடங்கு வலுத்துவிடவில்லை, வினவப்பட்டோரே பெருகினர். எனவே, இத்தகைய அட்டவணையில் கைவர்க்க மதிப்பை மொத்த எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் காண வேண்டும். இருமுறையும் 0.175 என்றே வரும். கிராமரின் கெழு எனப்படும் இவ்வளவு 0 முதல் 1 வரை அமையும்.

எண்ணுக்கு அப்பால்
0.175 சிறிய எண்ணாகத் தோன்றலாம். எனினும், எழுத்தறியாத 40 பேரில் 27 பேர் பெண்கள். தொடர்பு உண்டு என்பதையும் அதன் அளவையும் எண் கூறும், காரணத்தைக் கூறாது. அட்டவணையை வயதுவாரியாகப் பிரித்து நோக்குவதும், ஊரின் மூத்த பெண்களிடம் அவர்தம் இளமைக்காலத்தைக் கேட்டறிவதும் ஆய்வின் அடுத்த படிகளாகும்.