குழந்தை கேட்கும் நியாயம்

இம்முறை பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஏட்டிலிருந்து வந்ததன்று. நமது வீட்டுக் கூடத்திலிருந்து வந்தது.

நமது மகன் திருப்பதியில் வேறு குலத்துத் தெலுங்குப் பெண்ணை மணந்தவன். 1953ஆம் ஆண்டுவரை சென்னையோடு சேர்ந்திருந்த சித்தூர்ச் சீமையில் இரு மொழி பேசும் வீடு புதிதன்று. இரு குலத்தார் ஒரே பானைச் சோறு உண்ணும் வீடுதான் அரிது. பேரனுக்குத் தாயின் சிவந்த மேனி. பேத்திக்கு நமது கருநிறம். சென்ற ஆனி மாதத்தில் கிளிமூக்கு மாம்பழம் ஒன்றை அரிந்து இருவருக்கும் பங்கிட்டோம். ஐந்து வயதுப் பேத்தி தட்டையும் நம் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, “ஏன் தாத்தா, அண்ணனுக்கு மட்டும் எப்பவும் பெரிசு? நான் கறுப்புன்னா?” என்றாள்.

‘எப்பவும்’ என்ற சொல்லே நம்மைச் சுட்டது. குலபேதம் கூடாதென்று ஊர் ஊராய்ப் பேசித் திரியும் நமது கை, நிறம் பார்த்துப் பழம் அரிந்திருக்கிறது. அதனை நாம் அறியவில்லை, குழந்தை அறிந்திருந்தாள்.

குழந்தைகளுக்கு என்ன தெரியும் என்பார் உண்டு. 1940ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பினத் தம்பதியர் நிறமொன்றில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைச் சிறு குழந்தைகளின் முன் வைத்தனர். எது நல்ல பொம்மை என்று வினவியபோது, கறுப்பினக் குழந்தைகளிலும் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே காட்டினர். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாதென்று 1954இல் தீர்ப்பளித்தபோது இவ்வாராய்ச்சியையும் சுட்டியது. நமது பேத்தி இன்னும் கேள்வி கேட்கிறாள். கேளாது அடங்கிவிட்ட பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்.

இனி, பேரன் பக்கம் வருவோம். பெரிய துண்டு பெற்ற அவன் வாய் திறக்கவில்லை. 2015இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதனை விளக்குகிறது. இந்தியா உள்ளிட்ட 7 நாடுகளில் 866 இணைக் குழந்தைகளை எதிரெதிரே அமர்த்தித் தின்பண்டம் வைத்தனர். ஒருவர் கையில் முடிவு. அவர் பங்கீட்டை மறுத்தால் இருவருக்குமே ஒன்றும் இல்லை. தனக்கு 1, எதிரிலிருப்பவர்க்கு 4 என்றபோது மறுக்கும் குணம் வளர வளர எல்லா நாட்டிலும் தோன்றிற்று. தனக்கு 4, எதிரிலிருப்பவர்க்கு 1 என்றபோதும் மறுக்கும் குணமோ அமெரிக்கா, கனடா, உகாண்டா ஆகிய மூன்றில்தான், அதுவும் மூத்த பிள்ளைகளிடத்தே காணப்பட்டது. நம் நாட்டுப் பிள்ளைகளிடம் காணப்படவில்லை.

பிள்ளைகளை ஏன் குறை சொல்ல வேண்டும்? நாம் நூலாலையில் உழைத்த காலத்தில், குடிநீருக்குத் தனிக் குவளை வைத்தபோது கொதித்தெழுந்தோம். கூலி குறைந்தபோது வாயிலில் அமர்ந்தோம். நம் பக்கத்தில் நின்று அதே வேலை செய்த பெண்களுக்கு நம்மினும் குறைந்த கூலி. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976லேயே வந்துவிட்டது. சம்பள நாளில் அவர்கள் சில்லறையை எண்ணுவதைக் கண்டும், ஒரு நாளும் நாம் கேட்டோமில்லை. அன்று நாமும் பேரனைப் போலவே பெரிய துண்டைத் தின்றுகொண்டிருந்தோம்.

பகவன், சிறுவன் இராகுலனுக்குக் கண்ணாடியை உவமை காட்டி, செய்யுமுன்னும் செய்யும்போதும் செய்தபின்னும் தன் செயலைப் பார்க்கக் கற்பித்தார். நமக்குக் கண்ணாடி பிடித்தவள் பேத்தி. அவளிடம், “ஆமாம் கண்ணு, தாத்தா செய்தது தப்புதான்” என்றோம். அவள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை, பழத்தைத் தின்றாள்.

அன்று முதல் வீட்டில் ஒரு வழக்கம்: அண்ணன் அரிய வேண்டும், தங்கை முதலில் எடுக்க வேண்டும். பையன் முதலில் முகம் சுளித்தான். இப்போது கத்தியை வைக்குமுன் பழத்தைத் திருப்பித் திருப்பி அளக்கிறான். தட்டான் தராசு தோற்றுப்போகும்! ஆயினும் அது தன் பங்கு குறையாதிருக்கச் செய்யும் அளவை. தங்கை தெரியாமல் சிறிய துண்டை எடுக்கும்போது, “அது சின்னது, இதை எடு” என்று அவன் சொல்லி நாம் இன்னும் கேட்கவில்லை.