லாசாவிலிருந்து வந்த ரத்தம்

அன்புள்ள ஸ்டெல்லா,

டி.எம்.எல்.டி. லேப் படிப்பு முடித்ததும் ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி லேபுக்குப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வயலை யார் பார்ப்பது என்று உன் அப்பா போனில் புலம்பினான். அது உங்கள் இருவருக்குமான வழக்கு, நான் நுழையவில்லை. சபையில் கேட்கும் மிஷனரி சாட்சிகளில் தியாகம் நிறைய வரும், கையுறை வராது. அதனால் நான் கையுறையைப் பற்றி எழுதுகிறேன்.

நைஜீரியாவின் வடகிழக்கில் லாசா என்று ஓர் ஊர். அங்கே பிரதரன் சபையின் ஆஸ்பத்திரியில் லாரா வைன் என்ற அமெரிக்க நர்ஸ் இருந்தார். வயது 69. 1969 ஜனவரியில் அவருக்குக் காய்ச்சலும் தொண்டைப் புண்ணும் வந்தன. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. ஜோஸ் நகரிலிருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். ஜனவரி 26 அன்று இறந்துபோனார். அங்கே அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஷார்லட் ஷா, பஞ்சுத்துணியை விரலில் சுற்றி அவர் வாயைத் துடைத்துவிட்டிருந்தார். அந்த விரலில் ரோஜா முள் கிழித்த சின்னக் காயம். பிப்ரவரி 13 அன்று ஷாவும் இறந்தார். ஷாவின் பிரேதப் பரிசோதனையில் கூட நின்று உதவிய லில்லி பின்னெயோ ஒரு வாரத்தில் படுத்துவிட்டார்.

பின்னெயோவை நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். அங்கே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபிரேம் என்ற டாக்டர், ஆப்பிரிக்காவில் இருக்கும் மிஷனரிகளுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் ரத்தம் சேகரிக்க முன்பே ஏற்பாடு செய்திருந்தார். ஸ்டெல்லா, இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் இவர்தான். கண்டுபிடிப்புக்கு முன்னால் யாரோ ஒருவர் டியூபையும் லேபிளையும் தயாராக வைத்திருக்க வேண்டும்!

சாம்பிள்கள் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போயின. ஸ்விட்சர்லாந்தில் பிறந்த சோன்யா பக்லி, குரங்கின் சிறுநீரகச் செல்களில் அந்த வைரஸை வளர்த்தார். ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கூட வேலை செய்த ஜோர்டி கசால்ஸ் ஜூனில் படுத்தார். அதற்குள் பிழைத்து எழுந்திருந்த பின்னெயோவின் பிளாஸ்மாவை ஏற்றினார்கள், பிழைத்தார். ஆனால் அந்த வருஷக் கடைசியில் யேலின் லேப் டெக்னீஷியன் ஒருவர் லாசா காய்ச்சலில் இறந்தார். அவர் அந்த வைரஸைக் கையாண்டவரே இல்லை. எப்படித் தொற்றியது என்று கடைசிவரை தெரியவில்லை. யேலில் உயிருள்ள வைரஸோடு செய்த வேலையை நிறுத்திவிட்டார்கள். 1970 பிப்ரவரியில், ஜோஸில் இந்த நோயாளிகளை முதலிலிருந்து பார்த்துவந்த டாக்டர் ஜெனட் ட்ரூப், பிரேதப் பரிசோதனையின்போது கை வெட்டுப்பட்டு, அதில் லாசா தொற்றி இறந்தார். பின்னெயோ மறுபடி நைஜீரியாவுக்கே போனார்.

இவர்களைத் தியாகிகள் என்று சொல்லி முடித்துவிடுவது எனக்கு உவப்பாக இல்லை. ஷாவுக்குத் தைரியம் குறைவில்லை, ஒரு ஜோடி கையுறைதான் குறைவு. கிருமியின் பெயர் தெரிந்த பிறகு கையுறை போடுவது என்றால் அன்றைக்கு யாருமே போட்டிருக்க முடியாது. அதனால்தான் இன்று எல்லா ரத்தத்தையும் தொற்று ரத்தமாகவே நினைத்துத் தொடச் சொல்கிறோம், தெரிந்தவர் ரத்தமானாலும் சரி. ஊசிக்குத் திரும்ப மூடி போடாதே. சென்ட்ரிஃபியூஜ் சுற்றி நிற்கும்வரை மூடியைத் திறக்காதே. உள்ளே டியூப் உடைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் இருக்கும். உடனே திறக்காமல் அரை மணி நேரம் விட்டுவிடு.

இன்னொன்று, தேதி. காய்ச்சல் வந்த புதிதில் ஒரு ரத்தம், இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு ரத்தம். இரண்டாவதில் எதிர்ப்பொருள் நாலு மடங்கு ஏறியிருந்தால் அந்தக் கிருமிதான் காரணம் என்று சொல்லலாம். காய்ச்சல் தொடங்கிய நாளும் ரத்தம் எடுத்த நாளும் லேபிளில் இல்லையென்றால் இரண்டு டியூபும் வீண். ஒதுக்குப்புற ஆஸ்பத்திரிகளில் இதுதான் அதிகம் விட்டுப்போகும்.

லாசா வைரஸ் எங்கிருந்து வந்தது என்று 1972-ல் சியரா லியோனில் கண்டுபிடித்தார்கள். மாஸ்டோமிஸ் என்ற எலி. வீட்டில் தானியம் இருந்தால் உள்ளே வந்துவிடும், அதன் மூத்திரம் பட்ட சாப்பாடு, தரை எல்லாம் ஆபத்து. பத்தாயத்துப் பக்கம் எலிப்புழுக்கை பொறுக்கி வளர்ந்தவள் நீ, உனக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் பக்கத்து எலிக்காய்ச்சல் வேறு கிருமி, பாக்டீரியா. அதுவும் எலி மூத்திரத்தில்தான் வருகிறது, வயல் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவர்களைத்தான் முதலில் பிடிக்கிறது. காய்ச்சலோடு வருகிறவரிடம் என்ன வேலை செய்கிறார், தானியம் எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்க உனக்குத் தோன்றும். நகரத்தில் வளர்ந்த டெக்னீஷியன் பலருக்குத் தோன்றாது.

ரத்தத்தைத் தொடும் வேலை என்பதால், கல்லூரி திறப்பதற்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடு. மூன்று டோஸ், முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. பத்துக்குக் கீழே இருந்தால் மறுபடி போட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அத்தை