நமது கடைகளே நமது சரித்திரம்

வருடந்தோறும் கணக்கு முடித்து ஐந்தொகை எடுக்காத வியாபாரி நம்மில் யாருமில்லை. ஆனால் நம் முன்னோர் இந்நாட்டுக்கு எப்போது வந்தனர், எந்தத் தெருவில் கடை வைத்தனர், யாருடன் கூட்டுச் சேர்ந்தனர் என்று நம் பிள்ளைகள் கேட்டால், காட்டுவதற்கு நம்மில் பலரிடம் ஏடு இல்லை. மேருவிலும் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் வாழும் நாம் இந்தக் கணக்கையும் இனி எழுதியாக வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. 1948 ஜனவரி 31க்குள் கட்டி முடிந்த கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்தி வந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1997இல் ரத்தாயிற்று. அதன்பின் நகரங்களில் வாடகை ஏற, பல பழைய கடைகள் இடம் பெயர்ந்தன. 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' நாளிதழும் 2019இல் நின்றது. கடையை மூடும் நாளில் சரக்கை ஒன்று விடாமல் எண்ணி எடுக்கிறோம். பேரேட்டையும் படங்களையும் மட்டும் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடுகிறோம். அந்த எடையில் போவது நம் பாட்டனாரின் உழைப்பு அன்றோ?

ஆராய்ச்சி என்றதும் அஞ்ச வேண்டாம். சிட்டையையும் பேரேட்டையும் ஒத்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு இது கைவந்த வேலையே.

ஒரு பழைய கடையின் படம் கிடைக்கிறது; தேதி இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் படத்தைத் திருப்பிப் பாருங்கள். படம் எடுத்த ஸ்டூடியோவின் முத்திரை இருக்கலாம். பிறகு பெயர்ப்பலகையில் தெருவின் பெயரைப் பாருங்கள். கோலாலம்பூரின் ஜாவா ஸ்திரீட் யுத்தத்துக்குப் பின் மவுண்ட்பேட்டன் ரோடு ஆகி, பின்னர் துன் பேராக் சாலை ஆயிற்று. ஆகவே மவுண்ட்பேட்டன் பெயருள்ள பலகை யுத்தத்துக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. அலமாரியிலுள்ள டின்களும் பேசும். 1972இல் மலாய் எழுத்துமுறை திருத்தப்பட்டபோது, 'சாப்' என்ற சொல்லின் ரோமன் எழுத்துகளில் நடுவிலிருந்த ஓர் எழுத்து நீக்கப்பட்டது. வாசலில் நிற்கும் மோட்டார் வண்டியின் எண் 'டபிள்யூ' எழுத்தில் தொடங்கினால், கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமான 1974க்குப் பிறகே அப்படம் எடுக்கப்பட்டிருக்கும்.

கணக்கேடுகளிலும் துப்புகள் உண்டு. ஓர் ஏட்டில் 2603 என்றிருந்தால் திகைக்க வேண்டாம். ஜப்பானியர் ஆட்சியில் வழங்கிய ஆண்டுமுறையில் அது 1943. 'ஏவிளம்பி வருஷம்' என்று மட்டும் இருந்தால், தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், அது 1897ஆகவும் இருக்கலாம், 1957ஆகவும் இருக்கலாம். அருகே ஹிஜ்ரி 1377 என்றும் எழுதியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது: நாடு சுதந்திரம் பெற்ற 1957ஐ ஒட்டிய ஏடு அது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாக வந்த 'ரஜூலா' கப்பலின் டிக்கெட் ஏட்டினுள் சொருகியிருந்தால், முன்னோர் வந்த நாளே கையில் கிடைத்ததாகும்.

ஆனால் ஒற்றைச் சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொல்லலாகாது. முதலாளி மாறிய பின்னும் பழைய பலகை தொங்கியிருக்கலாம். 'இத்தெருவில் முதல் கடை எங்களுடையதே' என்று மூன்று குடும்பத்தார் சொல்லக்கூடும். மூவர் சொல்வதையும் எழுதிக்கொண்டு, பத்திரம், லைசென்சு, பழைய பத்திரிகை விளம்பரம் ஆகியவற்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 1957இல் தொடங்கப்பட்ட தேசிய ஆவணக் காப்பகம் கோலாலம்பூரிலேயே இருக்கிறது.

இது நடக்கக்கூடிய காரியந்தானா என்று ஐயுறுவோர் பினாங்கைப் பார்க்கட்டும். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி வாழ்ந்த சூலியா மக்களின் 1786 முதல் 1957 வரையிலான சரித்திரத்தைக் கூ சல்மா நசுத்தியோன் 2014இல் பெரிய நூலாக வெளியிட்டார். கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் ஒரு சிறு குறிப்பேட்டுடனாவது தொடங்கலாமே!

இந்த வாரமே வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் பழைய படங்களுடன் உட்காருங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். இடமிருந்து வலமாக நிற்போரின் பெயர், கடை, தெரு, சொந்த ஊர், ஆண்டு, இவற்றைச் சொன்னவர் பெயர் ஆகிய யாவும் வேண்டும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

இன்னொன்று. நடுவில் நாற்காலியில் அமர்ந்த முதலாளியின் பெயர் எப்படியும் நிலைத்துவிடும். ஓரத்தில் நிற்கும் மூட்டை தூக்கியவர், கணக்கெழுதியவர், தேநீர் போட்ட பையன் ஆகியோரின் பெயரை முதலில் கேளுங்கள். அவர்களை அறிந்தவர் இன்று வெகு சிலரே. அந்தச் சிலரும் மர்ஹூம் ஆகிவிட்டால், அக்கணக்கை எந்த ஏட்டைப் புரட்டியும் நாம் நேர்செய்ய முடியாது.