குளம் காத்த ஊரார்

போராட்டம் ஒன்றினால் மட்டும் ஒரு விளையாட்டுக் கூடம் நிலைத்துவிடுமா? நிலைக்காது என்பதே என் கருத்து.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், ஜெஸ்மண்ட் பகுதியிலுள்ள நீச்சற்குளம் 1938-இல் கட்டப்பட்டது. செலவைக் குறைக்க வேண்டி நகர மன்றம் அதனை 1991-இல் மூடிற்று. மக்கள் எதிர்த்தும் தடுக்க இயலவில்லை. ஆயினும் அவர்கள் ஓயவில்லை. தாமே அறநிறுவனம் அமைத்துப் பொறுப்பேற்று, 1992-இல் மீண்டும் திறந்தனர்.

நீச்சற்குளம் நடத்துவது எளிதன்று. ஒருவர் வரினும் நூற்றுவர் வரினும் நீரைச் சூடாக்க வேண்டும், வடிகட்ட வேண்டும், உயிர்காப்போரை நிறுத்த வேண்டும். ஆதலால் நாள்தோறும் பலர் வந்து கட்டணம் செலுத்தினாலன்றி அது பிழைக்காது.

கேட்டுப் பெறும் உரிமை ஒரு பாதி. ஏற்று நடத்தும் பொறுப்பு மறுபாதி. மாணவராகிய நாம், நம் ஊர் ஆடுகளத்தைக் காக்க முழங்குமுன், அதில் இறங்கி ஆடுவோமாக!