முகத்துவாரம் ஏன் அடைபடுகிறது?

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். ஊர், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம். சிவில் பாடத்தில் மண்ணைப் பற்றிப் படித்தபோதுதான் எங்க ஊரின் கதை புரிந்தது.

எங்க பக்கம் கடலை விட்டுத் தள்ளிப் பள்ளம் தோண்டினாலும் கிளிஞ்சல் வரும். சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் உள்ளே தள்ளி இருந்ததற்கு அதுவே சாட்சி. பிறகு அலைகள் சேர்த்த மணல் நீண்ட திட்டாகி நீரை மறித்தது. அந்தத் திட்டு ஸ்ரீஹரிகோட்டா; மறித்த நீர் நம் ஏரி.

மணல் இன்றும் ஓடுகிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் அலைகள் அதை வடக்கே தள்ளும். சென்னைத் துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கரையைக் கடல் அரித்தது. எங்க ஊரில் அதே மணல் முகத்துவாரத்தில் வந்து குவிகிறது. கோடையில் ஆரணியாற்றில் நீர் இல்லை; மணலைத் தள்ள வேகம் ஏது? அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சு வராது, படகும் போகாது. வலை சும்மா கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்தால்தான் விடிவு.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "தெக்குக் காத்துக்கு மணல் வடக்க ஓடும்னு எனக்குத் தெரியாதாடா? எவ்வளவு தோண்டினா எத்தனை நாள் திறந்திருக்கும், அந்தக் கணக்கைச் சொல்லு" என்றார்.

அந்தக் கணக்கைப் போடத்தான் படிக்கிறேன்.