பலாமரத்துப் பகவதி

அன்புள்ள தங்கைக்கு,

நீ செதுக்கிய சிலையின் படங்களைப் பார்த்தேன். குடம் சுமக்கும் பெண்ணின் கை நன்றாக வந்திருக்கிறது. விரல்கள் குடத்தின் கழுத்தை உண்மையாகவே பிடித்திருக்கின்றன. ஆனால் இடையும் மார்பும் மட்டாஞ்சேரி யூதத் தெருக் கடைகளில் வரிசையாக நிற்கும் பொம்மைகளுடையவை. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, இருந்த உடம்பையே எடுத்துவிட்டாய்.

வளைவுதான் பெண்மை என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். உன் ஊரே அதற்கு மறுப்பு. மட்டாஞ்சேரி அரண்மனை முற்றத்தில் குடியிருப்பவள் கொச்சி அரச குலத்தின் காவல் தெய்வமான பழையன்னூர் பகவதி. அந்தக் குலத்தில் பட்டமும் தாய்வழியில்தான் இறங்கியது.

ஒரு நாள் கொடுங்கல்லூருக்குப் பஸ் ஏறு. கண்ணகிக்குச் சேரன் கோயில் எடுத்த இடம் என்று நம் மக்கள் நம்புகிற ஊர். அங்கே அம்மன் பலாமரத்தில் செதுக்கப்பட்டவள். எட்டுக் கை, வடக்கு நோக்கிய முகம். கேரளத்தில் மரத்திருமேனிக்குத் தண்ணீர் ஊற்றி அபிஷேகம் செய்வதில்லை. தேக்கிலிருந்து வடித்த சாந்தைப் பூசுவார்கள். சாந்தாட்டம் என்று பெயர். மரத்துக்கு மரமே காப்பு. அவள் முன்னால் நின்றுவிட்டு வந்தபின் உன்னால் பொம்மை இடை செதுக்க முடியாது.

பொம்மை இடை இல்லாத பெண்ணுரு வேறு நாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஜூனி மக்கள் உள்ளங்கைக்குள் அடங்கும் கல்லுருக்கள் செய்கிறார்கள். கரடி, கழுகு போன்றவற்றோடு மக்காச்சோளக் கன்னியும் உண்டு. பல சிற்பங்களில் அவள் உடம்பு சோளக்கதிராகவே இருக்கும். முகம் மட்டும் பெண். ஊருக்குச் சோறு போடுபவளுக்கு இடை எதற்கு? இயல்பிலேயே விலங்கின் சாயலுள்ள கல்லுக்குத்தான் அவர்களிடம் மதிப்பு அதிகம். வழிபாட்டுக்கு வைத்துக்கொள்வது வேறு, விற்பது வேறு. விற்பதையும் அக்கறையோடுதான் செய்கிறார்கள். நீயும் விற்கலாம், தவறே இல்லை.

வைரம் பாய்ந்த பலாக்கட்டை ஒன்று வாங்கு. புதிதில் மஞ்சளாக இருக்கும். வருஷங்கள் போகப் பழுப்பேறும். அந்த நிறமாற்றத்தையும் கணக்கில் வை. கொட்டாப்புளியை எடுக்கும் முன் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார். பிறகு உன் ஊர்க் கிடங்குகளில் சுக்கு புடைக்கும் பெண்களிடம் போ. முறத்தைத் தூக்கும்போது தோள் எப்படி இறுகுகிறது, குந்தியிருக்கும் இடுப்பு எப்படி அகலுகிறது என்று கவனி. அதைச் செதுக்கு. முதுகில் உளித்தடத்தை அப்படியே விடு.

மெருகு போடும் முன் எனக்கு ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
அக்கா