கணக்குக் கோப்பும் சரக்குதான்: எண்ணி அனுப்புவோம், ரசீது வாங்குவோம்



மூட்டை ஏற்றினால் எண்ணி ஏற்றுகிறோம். லாரி ரசீது வாங்குகிறோம். சரக்கு போய்ச் சேர்ந்ததும் இறக்கியவரிடம் கையெழுத்து வாங்கி வைக்கிறோம். ஐந்து மூட்டை மிளகாய்க்கு இவ்வளவு பார்க்கும் நாம், கடையின் பற்று வரவு முழுவதும் அடங்கிய கணினிக் கோப்பை எப்படி அனுப்புகிறோம்? "தம்பி, அந்த ஃபைலை வாட்ஸ்அப்பில் போட்டுவிடு" என்று சொல்லிவிட்டுக் கல்லாவைப் பூட்டப் போய்விடுகிறோம்.

நாங்களும் அப்படித்தான் இருந்தோம். எங்கள் மளிகை மொத்த விற்பனைக் கடையிலிருந்து அன்றாட விற்பனை, வசூல், இருப்பு ஆகிய மூன்றையும் இரவில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு அனுப்புகிறோம். அவர்கள் அதை ஏற்றினால், லைனுக்குப் போகும் எங்கள் விற்பனையாளரின் கைப்பேசியில் ஒவ்வொரு கடையின் பாக்கியும் காலையில் தெரியும். ஒரு நாள் கடைப் பையன் அவசரத்தில் முந்தைய வாரக் கோப்பை அனுப்பிவிட்டான். இரண்டுக்கும் ஒரே பெயர். ஏற்றியவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் எங்கள் விற்பனையாளர், இருபது வருட வாடிக்கையாளர் ஒருவரிடம், அவர் மூன்று நாள் முன்பே கொடுத்துவிட்ட பணத்தை நாலு பேர் முன்னால் மறுபடி கேட்டுவிட்டார். ரசீதை எடுத்துக் காட்டிய அவர், "அண்ணாச்சி கடைக் கணக்கே இப்படியா?" என்று மட்டும் கேட்டாராம். நேரில் போய் வருத்தம் தெரிவித்தோம். பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். ஆனாலும் இரண்டு மாதம் அவர் எங்களிடம் வாங்கும் சரக்கு பாதியாகக் குறைந்தது. குற்றம் மென்பொருளில் இல்லை. எண்ணாமல் ஏற்றிய எங்களிடம்தான். அதன் பிறகு நாங்கள் அமைத்துக்கொண்ட முறையைக் கீழே தருகிறோம்.

1. வழி சரியாக இருக்க வேண்டும்.

கோப்பு அனுப்பும் பழைய முறை எஃப்.டி.பி. அதன் முதல் வரைவை 1971-இல் எழுதியவர், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்த நம் நாட்டவரான அபய் பூஷண். நல்ல முறைதான், ஆனால் அதில் கடவுச்சொல்லும் கணக்கும் அஞ்சலட்டை போலத் திறந்தே போகும். 1995-இல் ஃபின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கணினி இணைப்பில் இப்படித் திறந்து போன கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அதைக் கண்டு அங்கிருந்த தாத்து இலோனென் என்பவர் எஸ்.எஸ்.ஹெச். என்ற பாதுகாப்பு முறையை உருவாக்கினார். அதன் வழியாகக் கோப்பு அனுப்புவதே எஸ்.எஃப்.டி.பி. இதில் கோப்பு முத்திரையிட்ட உறை போலப் போகும். மென்பொருள் நிறுவனத்திடம் இந்த வழியைக் கேட்டு வாங்குங்கள். நம் பக்கம் வின்எஸ்சிபி போன்ற இலவச நிரலே போதும்.

2. சாவி நம் கையில் இருக்க வேண்டும்.

இதில் கடவுச்சொல்லுக்குப் பதிலாக இரண்டு சாவிகள் உண்டு. பொதுச் சாவியை நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். தனிச் சாவி நம் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. "நாங்களே உண்டாக்கித் தருகிறோம்" என்று அவர்கள் சொன்னாலும், நம் கணினியில் நாமே உண்டாக்குவதுதான் முறை. முதல் முறை இணைக்கும்போது அவர்களுடைய கணினியின் கைரேகை என்று ஓர் எழுத்து வரிசை திரையில் வரும். ஏற்கெனவே நமக்குத் தெரிந்த எண்ணில் அவர்களைக் கூப்பிட்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சம்மதம் கொடுக்க வேண்டும். சாவியைக் கையாண்ட ஊழியர் வேலையை விட்டுப் போனால், அன்றே சாவியை மாற்ற வேண்டும்.

3. பெயரும் நேரமும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் வரட்டும். விற்பனை-20260115 என்று இருந்தால் பழையது எது, புதியது எது என்று குழப்பம் வராது. இரவு 9.30 மணிக்குத் தானாகவே போகும்படி விண்டோஸில் உள்ள டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறித்துவிட்டோம். கோப்பு ஏறி முடியும்வரை அதற்குத் தற்காலிகப் பெயர் இருக்கும். முழுவதும் சேர்ந்த பிறகே உண்மைப் பெயர் மாறும். இல்லாவிட்டால் பாதிக் கோப்பையே முழுக் கோப்பு என்று எடுத்துக்கொள்வார்கள்.

4. கூடவே சிட்டை போக வேண்டும்.

எந்தத் தேதிக் கணக்கு, எத்தனை வரிகள், மொத்தத் தொகை எவ்வளவு என்று ஒரு சிறு சிட்டையும் கோப்போடு போகிறது. எஸ்.ஹெச்.ஏ.-256 என்ற முறையில் கணினி தரும் 64 எழுத்து முத்திரையையும் அதில் சேர்க்கிறோம். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. சிட்டையோடு ஒத்துவராத கோப்பையும், ஏற்கெனவே வந்த தேதியின் கோப்பையும் ஏற்றக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறோம். இந்த ஒன்று முன்பே இருந்திருந்தால் அன்றைய தலைகுனிவு வந்திராது.

5. ரசீது வர வேண்டும்.

ஏற்றிய வரிகள் இத்தனை, தொகை இவ்வளவு என்று 10 மணிக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் எங்கள் கணக்குப்பிள்ளை கூப்பிட்டுக் கேட்பார். "தகவல் இல்லையென்றால் எல்லாம் சரி" என்று நினைப்பதுதான் பெரிய தவறு.

6. கோப்புக்குள்ளும் பார்க்க வேண்டும்.

பருப்பு வகைகளின் ஹெச்.எஸ்.என். எண் 0713. கோப்பை எக்செல்லில் திறந்து மறுபடி சேமித்தால் முதல் பூஜ்யம் போய் 713 ஆகிவிடும். ஆகவே அனுப்பும் கோப்பை யாரும் திறந்து சேமிக்கக் கூடாது. 03-04 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்ற ஐயம் வராதபடி தேதி முறையை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். கடைப் பெயர்கள் தமிழில் இருந்தால் யு.டி.எஃப்.-8 முறையில் சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேரும்.

7. தேவையானதை மட்டும் அனுப்ப வேண்டும்.

பாக்கி காட்டுவதற்கு நம் கொள்முதல் விலை எதற்கு? அதை நீக்கிவிட்டோம். 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணில் மூன்றாவது முதல் பன்னிரண்டாவது வரை உள்ள பத்தும் அந்த வியாபாரியின் பான் எண்ணே என்பதை மறக்க வேண்டாம். நம்மை நம்பிக் கொடுத்த விவரம் அது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தனிநபர் விவரங்களை வேறொரு நிறுவனத்திடம் கொடுத்து வேலை வாங்கினாலும் பொறுப்பு நம்முடையதே என்கிறது அந்தச் சட்டம். எனவே யார் பார்க்கலாம், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம், தொடர்பு முடிந்தால் எப்படி அழிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

8. நம் பிரதி நம்மிடம் இருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். அனுப்பிய கோப்பு, சிட்டை, ரசீது மூன்றையும் தனி வட்டில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைக்கிறோம்.

முறையை மாற்றியதும் பழையதை உடனே நிறுத்தாமல், 15 நாள் இரண்டையும் ஓட்டி, பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அண்மையில் ஒரு நாள் இரவு மின்தடையால் கோப்பு போகவில்லை. பத்து மணிக்கு ரசீது வராததைக் கண்ட கணக்குப்பிள்ளை உடனே மறுபடி அனுப்பினார். காலையில் லைனுக்குப் போனவர் கையில் சரியான கணக்கு இருந்தது.

அந்த வாடிக்கையாளர் இப்போது பழையபடி எங்களிடமே சரக்கு எடுக்கிறார். எல்லோருக்கும் அப்படி இரண்டாம் வாய்ப்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இன்று இரவு கடை சாத்துவதற்கு முன், நம் கணக்கு எந்த வழியில் போகிறது, போய்ச் சேர்ந்ததற்கு ரசீது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். நாணயமே நம் முதல், அதைக் காப்போம்.